காப்பகத்தில் எதைப் பார்ப்பது: வேலைக்குப் போகும் பெற்றோருக்கு

குழந்தைகள் காப்பகத்தைச் சுற்றிப் பார்க்கப் போகும் பெற்றோர் பெரும்பாலும் சுவரைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். வண்ணப் படங்கள், புதுப் பொம்மைகள், வாசலில் கேமரா, தினமும் செயலியில் வரும் போட்டோக்கள். இவற்றையெல்லாம் காசு கொடுத்தால் ஒரே வாரத்தில் வாங்கிவிடலாம். அப்படி வாங்க முடியாதது ஒன்று உண்டு. குழந்தை அழும்போது யார் வருகிறார், எவ்வளவு நேரத்தில் வருகிறார், வந்து என்ன செய்கிறார் என்பதுதான் அது. கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி இதைக் கண்டுபிடிப்பதற்கான வழிகள்தான்.

முதலில் மனதில் இருக்கும் பாரத்தை இறக்கிவைப்போம். அமெரிக்காவின் தேசியக் குழந்தைகள் நல ஆராய்ச்சி நிறுவனம் 1991-ல் ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கியது. பத்து இடங்களில் 1,300-க்கும் அதிகமான குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பிறர் பராமரிப்பில் விடுவதாலேயே தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள பிணைப்பு அறுந்துபோவதில்லை என்பது அதில் தெரியவந்தது. பராமரிப்பு மோசமாக இருந்து, வீட்டிலும் குழந்தையைக் கவனிப்பது குறைவாக இருந்தால்தான் பிணைப்பு பலவீனமாகும் வாய்ப்பு கூடியது. நல்ல பராமரிப்பு பெற்ற குழந்தைகள் பேச்சிலும் சிந்தனையிலும் ஓரளவு முன்னால் இருந்தார்கள். அதைவிட வீட்டின் பங்கு பெரிதாக இருந்தது. ஆகவே 'விடுவது சரியா' என்று குமைவதில் போகும் நேரத்தை, 'யாரிடம் விடுவது' என்று பார்ப்பதில் செலவிடுங்கள்.

எப்போது, எந்த வகை

வேலைக்குத் திரும்பும் தேதிக்கு ஐந்தாறு மாதம் முன்பே தேடத் தொடங்குங்கள். கைக்குழந்தைகளுக்கு ஆள் அதிகம் வேண்டியிருப்பதால், பல காப்பகங்களில் ஒரு வயதுக்குட்பட்டோருக்கான இடம்தான் மிகக் குறைவு. கடைசி இரண்டு வாரத்தில் தேடுபவர் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறார். தேர்ந்தெடுக்க அவருக்கு நேரம் இருப்பதில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்பவர், தன் வீட்டில் நாலைந்து குழந்தைகளை வைத்துப் பார்ப்பவர், முறையான காப்பகம், உறவினர் என்று நான்கு வழிகள். ஒவ்வொன்றுக்கும் உடையும் இடம் வேறு. ஒற்றை ஆளை நம்பினால் அவருக்குக் காய்ச்சல் வரும் நாளில் உங்கள் வேலையும் நின்றுவிடும். அவர் செய்வதைப் பார்க்க இன்னொரு கண்ணும் கிடையாது. காப்பகத்தில் பல கண்கள் உண்டு, ஆனால் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கலாம், தொற்றும் அதிகம். சிறு வீட்டுக் காப்பகத்தில் கூட்டம் குறைவு. ஆனால் அங்கு யார் யார் வந்துபோகிறார்கள், அந்த வீட்டிலேயே வசிக்கும் மற்ற பெரியவர்கள் யார் என்பதையும் விசாரிக்க வேண்டும். உறவினர் என்றால் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் 'அன்று நான் சொன்னதை ஏன் செய்யவில்லை' என்று கேட்பது கடினம். தூங்க வைக்கும் முறை, டிவி போன் திரை பார்ப்பது, மருந்து ஆகியவற்றை முதல் நாளே பேசிவிடுவது உறவுக்கும் நல்லது.

வீட்டருகிலா, அலுவலகத்தருகிலா? தாய்ப்பால் கொடுக்கப் பகலில் போய்வர வேண்டுமென்றால் அலுவலகத்தருகில். மற்றபடி வீட்டருகில்தான் வசதி. உங்களில் ஒருவர் விடுப்பில் இருக்கும் நாளிலும், வேறொருவர் அழைத்துவர வேண்டிய நாளிலும் அது உதவும். மூடும் நேரத்துக்கு அரை மணி முன்பே போய்ச் சேரும்படி பயணக் கணக்கைப் போடுங்கள். அந்த அரை மணி இல்லாத திட்டம் முதல் போக்குவரத்து நெரிசலிலேயே உடைந்துவிடும்.

போனில் கேட்க வேண்டிய நான்கு

பத்து இடங்களுக்கு நேரில் போக யாருக்கும் நேரமில்லை. போனிலேயே சலித்துவிடலாம்.

1. என் குழந்தையின் வயதுக்கான அறையில் மொத்தம் எத்தனை குழந்தைகள், எத்தனை பெரியவர்கள்?
2. அந்த அறையில் இப்போது இருப்பவர்கள் எவ்வளவு காலமாக இங்கே வேலை செய்கிறார்கள்?
3. பெற்றோர் சொல்லாமல் எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாமா?
4. உரிமம் அல்லது பதிவு இருக்கிறதா, கடைசியாக நடந்த ஆய்வின் அறிக்கையைப் பார்க்கலாமா?

மூன்றாவது கேள்விக்கு 'குழந்தைகள் தொந்தரவுக்குள்ளாவார்கள்' என்று பதில் வந்தால், அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். தூங்கும் நேரத்தில் சத்தமில்லாமல் வாருங்கள் என்று கேட்டுக்கொள்வது நியாயம். வரவே கூடாது என்பதற்கு நியாயம் கிடையாது. இரண்டாவது கேள்வியில் 'எங்கள் நிறுவனம் 15 ஆண்டுகளாக இயங்குகிறது' என்று பேச்சை மாற்றுவார்கள். நிறுவனத்தின் வயது நமக்கு வேண்டாம். குழந்தையைத் தூக்கப்போகும் கைகள் எத்தனை நாள் பழகியவை என்பதே வேண்டும்.

எண்ணிக்கைக் கணக்கு

குழந்தை மருத்துவ அமைப்புகளும் காப்பகத் தரத்தை வகுக்கும் அமைப்புகளும் சொல்லும் எண்கள் இடத்துக்கிடம் சற்று மாறினாலும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு வயதுக்குள் 3 அல்லது 4 குழந்தைக்கு ஒரு பெரியவர், ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை 4 முதல் 6 குழந்தைக்கு ஒருவர், அதற்கு மேல் 7 முதல் 10 வரை. உங்கள் நாட்டுச் சட்டம் இதைவிடத் தளர்வாக இருக்கலாம். சட்டத்தில் இருப்பது தாண்டக்கூடாத எல்லை. அந்த எல்லைக்குள் இருப்பதாலேயே தரம் வந்துவிடாது.

ஏன் இந்த எண்? ஒரு எட்டு மணி நேர நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கைக்குழந்தைக்கு மூன்று முறை பால், முறைக்கு 20 நிமிடம். நான்கு முறை டயப்பர், முறைக்கு 5 நிமிடம். இரண்டு முறை தூங்க வைப்பது, முறைக்கு 15 நிமிடம். மொத்தம் 110 நிமிடம். மூன்று குழந்தைக்கு 330 நிமிடம் போக, 480-ல் 150 நிமிடம் மிஞ்சும். அதில் விளையாட்டும் பேச்சும் மடியில் வைத்திருப்பதும் நடக்கும். நான்கு குழந்தை என்றால் மிஞ்சுவது 40 நிமிடம். அந்த ஊழியரின் சாப்பாடும் அதற்குள்தான். ஆறு குழந்தை என்றால் 660 நிமிட வேலை. ஒரு நாளில் முடியவே முடியாது. அங்குதான் பால் பாட்டிலைத் தலையணையில் சாய்த்து வாயில் வைத்துவிட்டுப் போவது தொடங்குகிறது. அழுகையைக் காதில் வாங்காமல் இருக்கப் பழகுவதும் அங்குதான். அந்த ஊழியர் கெட்டவர் என்று பொருளல்ல. அவரிடம் நேரம் இல்லை.

விகிதம் மட்டும் போதாது, கூட்டத்தின் அளவும் முக்கியம். இரண்டு பெரியவர்களோடு ஆறு கைக்குழந்தைகள், நான்கு பெரியவர்களோடு பன்னிரண்டு. விகிதம் ஒன்றே. ஆனால் இரண்டாவது அறையில் சத்தம் இரண்டு மடங்கு. எந்தக் குழந்தை எப்போது பால் குடித்தது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது.

அவர்கள் சொல்லும் எண்ணை நம்பாமல் நீங்களே எண்ணுங்கள். குழந்தைகளோடு தரையில் இருப்பவர் மட்டுமே கணக்கு. மேலாளர், சமைப்பவர், துப்புரவு செய்பவர், போனில் இருப்பவர் சேரமாட்டார்கள். சில இடங்களில் கட்டடம் முழுக்க உள்ள ஆட்களைக் கூட்டிச் சராசரி சொல்வார்கள். உங்களுக்கு வேண்டியது ஒரு அறையின் எண். ஒருவர் சாப்பிடப் போகும்போதும், மாலையில் வயது வாரியான அறைகளை ஒன்றாகச் சேர்க்கும்போதும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

நேரில்: மூன்று முறை போங்கள்

காப்பகத் தரத்தை அளக்கும் அளவுகோல்கள் உண்டு. அமெரிக்க ஆய்வாளர்கள் தெல்மா ஹார்ம்ஸும் ரிச்சர்ட் கிளிஃபர்டும் 1980-ல் வெளியிட்டது அவற்றுள் பரவலாகப் பயன்படுவது. ஒவ்வொரு அம்சத்துக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளரே இதற்காக ஓர் அறையில் சுமார் மூன்று மணி நேரம் உட்காருகிறார். மேலாளர் முன்னால் நடக்க, நீங்கள் பின்னால் நடந்து பத்து நிமிடத்தில் முடிக்கும் சுற்றில் ஒன்றும் தெரியாது.

முதல் முறை சொல்லிவிட்டுப் போங்கள், காலை பத்து மணிவாக்கில். அதுதான் அவர்களுடைய மிகச் சிறந்த நேரம். குழந்தையின் அறையில் ஒரு மூலையில் 45 நிமிடம் உட்கார அனுமதி கேளுங்கள். இரண்டாம் முறை சொல்லாமல், மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. குழந்தைகள் களைத்திருப்பார்கள், ஆட்கள் குறைந்திருப்பார்கள், பொறுமையும் குறைந்திருக்கும். உங்கள் குழந்தையின் நாளில் அந்த நேரமும் உண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்தே முடிவெடுங்கள். மூன்றாம் முறை குழந்தையோடு.

முதலில் அழுகை. எங்காவது ஒரு குழந்தை அழத் தொடங்கியதும் கடிகாரத்தைப் பாருங்கள். கை வேலையாக இருந்தால்கூட 'கேட்குது கண்ணு, இதோ வர்றேன்' என்று ஒரு குரல் உடனே போகிறதா? ஓரிரு நிமிடத்துக்குள் ஒருவர் அருகில் போகிறாரா? போனவர் குனிந்து முகத்தைப் பார்க்கிறாரா, அல்லது தூக்கிக்கொண்டு பக்கத்தில் இருப்பவரோடு பேச்சைத் தொடர்கிறாரா? குழந்தை அழுகிறதே என்பதற்காக அந்த இடத்தைக் குறைத்து மதிக்காதீர்கள். 'எங்களிடம் எந்தக் குழந்தையும் அழாது' என்று பெருமையாகச் சொல்லும் இடம்தான் கவலை தருகிறது. பல கைக்குழந்தைகள் இருந்தும் நெடுநேரம் நிசப்தமாக இருக்கும் அறையில், அழுது பயனில்லை என்று குழந்தைகள் கற்றிருக்கலாம்.

அடுத்து டயப்பர் மாற்றுவது. இதை யாரும் பார்க்கக் கேட்பதில்லை. ஆனால் ஒரு காப்பகத்தின் குணம் இந்த ஐந்து நிமிடத்தில் வெளிப்படுவதுபோல் வேறெங்கும் வெளிப்படாது. ஹங்கேரியில் குழந்தை மருத்துவர் எம்மி பிக்லர் 1946-ல் புடாபெஸ்டில் ஓர் இல்லத்தைத் தொடங்கினார். குளிப்பாட்டுவது, உடுத்துவது, ஊட்டுவது ஆகியவையே குழந்தைக்கும் பெரியவருக்கும் உறவு உண்டாகும் நேரம் என்பதே அங்கு அடிப்படை. கவனியுங்கள்: பின்னாலிருந்து திடீரென்று தூக்குகிறாரா, முன்னால் வந்து 'உன்னைத் தூக்கப்போறேன்' என்று சொல்லி ஒரு கணம் காத்திருந்து தூக்குகிறாரா? மாற்றும்போது குழந்தையோடு பேசுகிறாரா? ஒரு கை எப்போதும் குழந்தை மேல் இருக்கிறதா? முடிந்ததும் தன் கைகளையும் குழந்தையின் கைகளையும் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவுகிறாரா? மேடையைத் துடைத்துக் கிருமிநாசினி தெளித்து, அது காயும்வரை விடுகிறாரா? கை கழுவும் தொட்டியும் பாட்டில் கழுவும் தொட்டியும் ஒன்றாக இருந்தால் வயிற்றுப்போக்கு அறை முழுக்கச் சுற்றும்.

பேச்சையும் கேளுங்கள். பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டாலே போதும். பெரியவர்கள் பேசுவது குழந்தைகளிடமா, தங்களுக்குள்ளா? குழந்தைகளிடம் பேசுவதில் எவ்வளவு பங்கு 'உட்காரு, தொடாதே, வா' என்ற கட்டளை? மழலை ஒன்று ஏதோ சொன்னால் அதற்குப் பதில் சொல்லி, மறுபடி அது பேசக் காத்திருக்கிறாரா? இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் மொழி வளர்கிறது. சுவரில் ஒட்டிய எழுத்து அட்டை அதைச் செய்யாது.

ஒரு செயலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரத்தையும் தவறவிடாதீர்கள். விளையாட்டு முடிந்து சாப்பாடு, சாப்பாடு முடிந்து தூக்கம். இரண்டு வயதுக் குழந்தைகளை வரிசையில் நிறுத்தி 15 நிமிடம் காக்கவைக்கும் இடத்தில் அடிதடியும் அதட்டலும் அப்போதுதான் வரும். 'இன்னும் கொஞ்ச நேரத்துல எடுத்து வைக்கணும்' என்று முன்கூட்டிச் சொல்கிறார்களா என்று பாருங்கள்.

ஒரு சிறு குறிப்பு. நீங்கள் உள்ளே நுழைந்ததும் பல குழந்தைகள் ஓடிவந்து, முன்பின் தெரியாத உங்கள் காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றால் இதமாகத்தான் இருக்கும். ஆனால் போதிய கவனம் கிடைக்காத குழந்தைகளும் அப்படித்தான் செய்யும். நன்றாகப் பழகிய அறையில் அவர்கள் உங்களை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, தங்களுக்குப் பழகியவரின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

தூங்கும் இடம்

கைக்குழந்தை என்றால் பாதுகாப்பில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். விட்டுக்கொடுக்க இடமே இல்லை. ஒரு வயதுவரை ஒவ்வொரு தூக்கத்துக்கும் மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும். கெட்டியான, தட்டையான மெத்தை; அதில் இறுக்கமான விரிப்பு; வேறொன்றும் கூடாது. தலையணை, தளர்ந்த போர்வை, பொம்மை, ஓரத்தில் கட்டும் பஞ்சுத் திண்டு எதுவும் வேண்டாம். கட்டிலின் கம்பிகளுக்கிடையே 6 செண்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. கார் இருக்கையிலோ ஊஞ்சலிலோ தூங்கிப்போன குழந்தையைக் கட்டிலுக்கு மாற்ற வேண்டும். தலை முன்னால் கவிழ்ந்து மூச்சுக்குழாய் மடங்கக்கூடும்.

காரணம் தெரிந்தால் கேட்கத் தயக்கம் வராது. உறக்கத்தில் காரணமின்றி நேரும் கைக்குழந்தை மரணங்கள் முதல் ஆறு மாதத்தில்தான் மிக அதிகம். அமெரிக்காவில் 1994-ல் மல்லாக்கப் படுக்கவைக்கும் பிரசாரம் தொடங்கியபின் அவை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. வீட்டில் மல்லாக்கப் படுத்துப் பழகிய குழந்தையை வேறொருவர் ஒரே ஒருநாள் குப்புறப் போட்டால் ஆபத்து பலமடங்கு கூடுகிறது. 'குப்புறப் போட்டால் நல்லா தூங்கும்' என்று சொல்லும் பராமரிப்பாளர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், அவரிடம் கைக்குழந்தையை விட வேண்டாம்.

தூங்கும் அறையில் ஆள் இருக்க வேண்டும், அல்லது பார்வை படும் தூரத்தில் இருக்க வேண்டும். வெளிச்சம் முகம் தெரியும் அளவுக்கு. ஒலி மானிட்டர் மட்டும் போதாது. மூச்சடைப்பு சத்தமில்லாமல் நடக்கும்.

மற்ற ஆபத்துகள்

இவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். குழாயில் வெந்நீர் 49 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. தண்ணீர் நிரம்பிய வாளி எங்கும் நிற்கக் கூடாது. ஒரு வயதுக் குழந்தை மூழ்கச் சில செண்டிமீட்டர் தண்ணீரே போதும். அலமாரிகள் சுவரோடு திருகியிருக்க வேண்டும். சன்னல் திரைக் கயிறு தொங்கக் கூடாது. மூன்று வயதுக்குட்பட்டோர் அறையில், கழிப்பறைக் காகிதச் சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழையும் அளவு சிறிய பொருள் எதுவும் வேண்டாம். வாசல் கதவு தானாகப் பூட்டுகிறதா, உங்களை உள்ளே விட்டவர் நீங்கள் யார் என்று கேட்டாரா?

தொண்டையில் அடைத்தால் என்ன செய்வீர்கள் என்று அறையில் இருப்பவரிடமே கேளுங்கள். ஒரு வயதுக்குள் முதுகில் ஐந்து தட்டு, பிறகு மார்பில் ஐந்து அழுத்தம், மாற்றி மாற்றி. வயிற்றை அழுத்தக் கூடாது. இதைத் தடுமாறாமல் சொல்பவர் பயிற்சி பெற்றவர். சுவரில் தொங்கும் சான்றிதழ் யாருடையது, அவர் இன்று பணியில் இருக்கிறாரா என்பதையும் பாருங்கள். நான்கு வயதுவரை முழு திராட்சை, கொட்டைகள், பாப்கார்ன் தருகிறார்களா? திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்க வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

பால் விஷயத்தில் பாட்டிலில் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். கறந்த தாய்ப்பாலை அறை வெப்பத்தில் 4 மணி நேரம், குளிர்பெட்டியில் 4 நாள் வரை வைக்கலாம். குழந்தை வாய் வைத்தது மிஞ்சினால் 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பவுடர் பால் என்றால் குடிக்கத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். மைக்ரோவேவில் சூடாக்கினால் பாட்டில் வெளியே வெதுவெதுப்பாகத் தெரிந்தாலும் உள்ளே பால் சில இடங்களில் மிகச் சூடாக இருக்கலாம், வாய் வெந்துபோகும்.

வண்டியில் அழைத்துச் செல்லும் இடமென்றால் ஏறும்போதும் இறங்கும்போதும் பெயர் சொல்லி எண்ணி எழுதுகிறார்களா, கடைசியில் ஒருவர் வண்டிக்குள் நடந்து பார்க்கிறாரா என்று கேளுங்கள். வெயிலில் மூடிய வண்டிக்குள் பத்து நிமிடத்தில் வெப்பம் 10 டிகிரி ஏறிவிடும். இன்னொன்று: குழந்தை வழக்கமான நேரத்துக்கு வராவிட்டால் அரை மணிக்குள் உங்களுக்குப் போன் செய்வார்களா? பலருக்கு இது கேட்கத் தோன்றுவதில்லை. களைப்பில் குழந்தையைக் காரின் பின்னிருக்கையில் மறந்துவிட்ட பெற்றோருக்கு, அந்த ஒரு போன்தான் குழந்தையைக் காப்பாற்றும்.

ஊழியரிடம் பேசுவது

மேலாளர் நன்றாகப் பேசுவார். அது அவருடைய வேலை. குழந்தையோடு இருக்கப்போகும் ஊழியரிடம் ஐந்து நிமிடம் பேச வேண்டும். 'அடிப்பீர்களா' என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். நடந்ததைச் சொல்லவைக்கும்படி கேளுங்கள். 'கடைசியா ஒரு குழந்தை இன்னொண்ணைக் கடிச்சப்போ என்ன செஞ்சீங்க?' ஒன்று முதல் மூன்று வயதில் கடிப்பது இயல்பு, ஆகவே எந்தக் காப்பகத்திலும் அது நடந்திருக்கும். கடிபட்டதை முதலில் ஆற்றி, கடித்ததிடம் சுருக்கமாகச் சொல்லி, எப்போது எதனால் கடிக்கிறது என்று கவனித்தோம் என்றால் நல்ல பதில். திருப்பிக் கடிக்கவைத்தோம், தனியறையில் விட்டோம், எல்லோர் முன்னாலும் வெட்கப்படவைத்தோம் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

'தூங்காத குழந்தையை என்ன செய்வீர்கள்?' 'சாப்பிட மறுத்தால்?' 'உடையில் மலம் போய்விட்டால்?' அதட்டல், கட்டாயப்படுத்தி ஊட்டல், கேலி எல்லாம் இந்த மூன்றில்தான் ஒளிந்திருக்கும். கடைசியாக, 'இங்கே வேலை எப்படி இருக்கு?' என்று மெல்லக் கேளுங்கள். மதிக்கப்படாத, ஓய்வு கிடைக்காத ஊழியர் நீண்ட நாள் இருக்கமாட்டார். அவர் போனால் உங்கள் குழந்தை மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும்.

உங்கள் குழந்தைக்கென்று ஒரு குறிப்பிட்ட ஆள் இருப்பாரா என்பதும் முக்கியம். அவரே பெரும்பாலும் ஊட்டி, மாற்றி, தூங்கவைப்பார். அவர் விடுப்பில் போனால் இரண்டாமவர் யார் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மற்ற பெற்றோரில் குறைந்தது இரண்டு பேரிடமாவது விசாரியுங்கள். இப்போது குழந்தையை விடுபவரிடம் கேட்பதோடு, கடந்த ஆண்டில் நிறுத்திவிட்டவர் ஒருவரிடமும் கேளுங்கள். அவர் சொல்வதில்தான் விஷயம் இருக்கும்.

திரைக்கும் ஓர் எல்லை உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரண்டு வயதுக்குள் திரை பரிந்துரைக்கப்படவில்லை; இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது; ஒரு வயதுக்கு மேல் நாளெல்லாம் சேர்த்துக் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைய வேண்டும்; இருக்கையில் கட்டிவைப்பது ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நாளின் அட்டவணையை வாங்கி இதோடு ஒப்பிடுங்கள். தொலைக்காட்சி 'பாட்டுக்கு மட்டும்தான்' என்றால், எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை என்று கேளுங்கள்.

நோயும் ஒப்பந்தமும்

காப்பகத்தில் சேர்ந்த முதல் ஆண்டில் எட்டு முதல் பன்னிரண்டு முறை சளி பிடிப்பது வழக்கம். அது காப்பகத்தின் குற்றமல்ல. குழந்தை புதிய கிருமிகளைச் சந்திக்கிறது. ஆனால் உங்கள் விடுப்புக் கணக்கு அதைத் தாங்க வேண்டும். யார் எந்த நாளில் வீட்டில் இருப்பது என்று குழந்தையைச் சேர்ப்பதற்கு முன்பே இருவரும் பேசி முடிவுசெய்யுங்கள். அப்படிப் பேசாத வீடுகளில் ஒவ்வொரு முறையும் ஒருவரே விடுப்பு எடுத்து, பிறகு அவரே வேலையை விடும் நிலை வருகிறது.

நோயுற்ற குழந்தையை எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். காய்ச்சலோடு சோர்ந்திருந்தால், வாந்தி பேதி நின்று 24 முதல் 48 மணி நேரம் ஆகாவிட்டால் வர வேண்டாம் என்று கறாராகச் சொல்லும் இடம் உங்களுக்குச் சில நாள் எரிச்சலைத் தரும். மற்ற நாட்களில் அதுவே உங்கள் குழந்தையைக் காக்கும். காலையில் காய்ச்சல் மருந்து கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். மதியம் மருந்தின் வேகம் குறையும்போது மற்ற குழந்தைகளுக்கும் தொற்றியிருக்கும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி வந்தாலே உடனடியாக மருத்துவரிடம் போக வேண்டும் என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மருந்து எதுவானாலும் உங்கள் எழுத்து அனுமதி, அளவு, கொடுத்த நேரம், கொடுத்தவர் கையெழுத்து இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: விடுமுறை நாளுக்கும் குழந்தை வராத நாளுக்கும் கட்டணம் உண்டா, தாமதமாக அழைத்துப்போனால் எவ்வளவு, நிறுத்த எத்தனை நாள் முன்னறிவிப்பு, முன்பணம் எப்போது திரும்பும், முதல் மாதத்தில் ஒத்துவராவிட்டால் என்ன. அழைத்துப்போக அனுமதி பெற்றவர்கள் பட்டியலை எழுதிக் கொடுங்கள். பட்டியலில் இல்லாத யார் வந்தாலும், அது உங்கள் சொந்தத் தம்பியே ஆனாலும், அடையாளம் பார்க்காமல், உங்களுக்குப் போன் செய்யாமல் அனுப்பக் கூடாது.

வீட்டுக்கு ஆள் வைப்பதென்றால் முன்பு வேலை செய்த இரண்டு வீடுகளோடு நீங்களே பேசுங்கள். 'மறுபடியும் அவரை வைத்துக்கொள்வீர்களா?' என்ற கேள்விக்கு வரும் தயக்கமே பதில். அடையாளச் சான்றின் நகல் வாங்குங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போதே கூலி கொடுத்து மூன்று நாள் வேலை செய்யச் சொல்லிப் பாருங்கள். கேமரா வைத்தால் அவரிடம் சொல்லிவிட்டு வையுங்கள். கேமரா நடந்ததைக் காட்டும்; நடக்கும் நேரத்தில் தடுக்காது. அவ்வப்போது எதிர்பாராத நேரத்தில் வீட்டுக்கு வருவது அதைவிடப் பயன்படும்.

பழக்குவது

குழந்தையைப் புது இடத்துக்குப் பழக்குவதைப் பலர் இரண்டு நாளில் முடிக்கப் பார்க்கிறார்கள். ஜெர்மனியில் பெர்லின் முறை என்று ஒன்று பரவலாக இருக்கிறது; அப்படியே பின்பற்றத் தக்கது. முதல் மூன்று நாள் தாயோ தந்தையோ குழந்தையோடு அறையில் ஒரு மணி நேரம்போல் இருக்கிறார்; பிரிவதே இல்லை. அவர் ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்திருப்பார்; குழந்தையைத் தள்ளவும் மாட்டார், இழுக்கவும் மாட்டார். குறிப்பிட்ட பராமரிப்பாளர் மெல்ல நெருங்குவார். நான்காம் நாள் தாயோ தந்தையோ சொல்லிவிட்டு வெளியே போகிறார், அரை மணிக்கு மிகாமல். அந்த நாள் திங்கள்கிழமையாக இருக்கக் கூடாது, வார விடுமுறை பழகியதைக் கலைத்திருக்கும். குழந்தை அழுதாலும் பராமரிப்பாளர் கையில் அடங்கினால் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். அடங்காவிட்டால் உடனே திரும்பி, இன்னும் சில நாள் பிரியாமல் இருந்துவிட்டு மறுபடி முயல வேண்டும். பழகியதற்கு அடையாளம் அழாமல் இருப்பதல்ல. அந்த ஆள் தேற்றினால் தேறுவது.

இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை பிரிவு பயம் உச்சத்தில் இருக்கும் என்பதால், அந்த வயதில் சேர்த்தால் கூடுதல் நாட்கள் பிடிக்கலாம். குழந்தை வேறெங்கோ பார்க்கும்போது நழுவிப்போகாதீர்கள். அன்று அழுகை மிச்சமானதுபோல் இருக்கும். ஆனால் எந்த நேரமும் நீங்கள் மறைந்துவிடலாம் என்று குழந்தை கற்றுக்கொள்ளும், பிறகு வீட்டிலும் உங்கள் காலை விடாது.

சேர்த்த பிறகு

விடும்போது அழுவது, மாலையில் உங்களைக் கண்டதும் அழுகையும் கோபமும் வெடிப்பது, இரவில் விழிப்பது, ஒட்டிக்கொள்வது எல்லாம் முதல் சில வாரங்களில் இயல்பு. மாலையில் வெடிப்பது பகல் முழுக்க அடக்கிவைத்ததை உங்களிடம் இறக்குவது. நீங்கள் போன ஐந்து பத்து நிமிடத்தில் ஆறிவிடுகிறதா என்று போன் செய்து கேளுங்கள். ஒரு மாதம் கடந்தும் நாள் முழுக்க அழுகை, எடை குறைவது, பேச்சோ விளையாட்டோ சுருங்குவது என்றால் பொறுக்க வேண்டியதில்லை.

குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு மட்டும் உடல் விறைப்பது, டயப்பர் மாற்றும்போது புதிதாகப் பயப்படுவது, தூங்கும் இடத்தைக் கண்டு நடுங்குவது ஆகியவற்றைக் கவனியுங்கள். நடக்கும் குழந்தைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் அடிபடும், அது விளையாட்டு. நான்கு வயதுக்குள் வயிறு, மார்பு, முதுகு, காது, கழுத்து ஆகிய இடங்களில் கன்றிய தடம், அல்லது நான்கு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் உடலில் எங்காவது கன்றியிருப்பது விளையாட்டில் வருவதல்ல. நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அது என்னவென்று தெரியும்வரை குழந்தையை அங்கே திரும்ப விடாதீர்கள். பிறகு உரிமம் வழங்கும் துறையிலோ காவல்துறையிலோ சொல்லுங்கள்.

அவ்வளவு பெரிதில்லாத குறைகளை அன்றே, நேரில், சம்பந்தப்பட்டவரிடம் சொல்லுங்கள். 'நேத்து ரெண்டு மணிக்கு வந்தப்போ ஈர டயப்பரோட இருந்தா' என்று நாள், நேரம், நடந்ததோடு சொன்னால் பேச்சு சண்டையாகாது. வாரம் ஒருமுறை, விடும் அவசரத்தில் அல்லாமல், பராமரிப்பாளரோடு பத்து நிமிடம் பேச நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். என்ன சாப்பிட்டது என்பது செயலியில் வரும். எதற்குச் சிரித்தது என்று அவர்தான் சொல்வார். சொல்ல அவரிடம் ஒன்றுமே இல்லாமல் மூன்று வாரம் போனால், அவர் உங்கள் குழந்தையைப் பார்க்கவே இல்லை. பட்டியலில் இரண்டாவதாக வைத்த இடத்தில் உங்கள் பெயரை முதல் மூன்று மாதம் எடுத்துவிடாமல் வைத்திருங்கள்.